உன் காரின் டப்டப்

சத்தமில்லாமல் போய்விட்ட என் செல்ல அண்ணா,

உன் காரின் சத்தத்தையும் நேற்று நிறுத்திவிட்டோம். எழுந்து வந்து என் தலையில் குட்ட முடியாது என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு மலைக்குச் சவாரி ஓட்டுவது அண்ணிதான். லீவு நாட்களில் மூட்டை ஏற்றுவது நான். நம் காரின் அந்த டப்டப் கேட்டால் போதும், நாம் வருவதற்குள் மலை ஜனங்கள் பையோடு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். நீ இருந்தபோது நானும் வீட்டுக்குப் பின்னால் நின்று அதை வாயாலேயே போடுவேன். நீ வந்துவிட்டாய் என்று அண்ணி தோசை ஊற்றுவார். நீ வருவதற்குள் தின்றுவிடுவேன். நீ போன பிறகு ஒருநாளும் போடவில்லை. அந்த அளவுக்குக் கெட்டவள் இல்லை நான்.

போன வாரம் வெள்ளிமலையிலிருந்து ஒரு மாசமான பெண்ணை ஏற்றி வந்தோம். பாதி வழியில் தலை சுற்றிக் கதவில் சாய்ந்துவிட்டாள். வெளிக்காற்றில் உட்காரவைத்த பிறகுதான் கண் திறந்தாள். கள்ளக்குறிச்சிக்கு வந்து மெக்கானிக் பாயிடம் காட்டினோம். இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடமெல்லாம் கரி.

"அந்த எடத்த அடைக்கிற கேஸ்கட் போச்சும்மா. பொகை வண்டிக்குள்ள வந்துக்கினு இருக்குது. இத வெச்சிக்கினு இனிமே ஆளு ஏத்தாத."

"பொகைய மட்டும் நிறுத்துங்க பாய். சத்தம் இருக்கட்டும்" என்றார் அண்ணி.

"ரெண்டும் ஒரே ஓட்டையிலதானம்மா வருது?"

"கேஸ்கட்டுன்னா கேஸ கட் பண்ணணும் அண்ணி, இது நம்மள கட் பண்ணப் பாக்குது" என்று கடித்துப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. நீ சிரித்திருப்பாய், இல்லையா?

நேற்று பாய் பிரித்தார். நட்டெல்லாம் துரு. எண்ணெய் விட்டு ஊறவைத்தும் ஒரு போல்ட் பாதியில் முறிந்தது. அதைத் துளைத்தெடுப்பதற்குள் பாய்க்குக் கை ஓய்ந்துவிட்டது. பழைய கேஸ்கட் அப்பளம்போல் உதிர்ந்தது. ஒட்டியிருந்ததைச் சுரண்டிவிட்டுப் புதியதை வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அண்ணி சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது, டப்டப் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கும் அலுத்துவிட்டது, அண்ணா. எத்தனை தடவைதான் நீ போவாய்?

இன்று வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது ரோட்டில் ஒருவரும் இல்லை. காலி வண்டியைப் பின்னாலிருந்து கத்தி நிறுத்தினார் போன வாரம் மயங்கிய பெண்ணின் அம்மா.

"இன்னாம்மா, பூனையாட்டம் போற? பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்னு காலையிலேர்ந்து காதத் தீட்டிக்கினு குந்தியிருக்கறோம்!"

"ஹாரன் அடிச்சேனே..."

"ஹாரன் எவன் வேணா அடிப்பான். ஒங்க வண்டின்னு எப்பிடித் தெரியும்?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். "ஏ வாலு, என்னத் தோச ஊத்த வெப்பியே, அந்தச் சத்தத்தப் போடு."

"அது நான்தான்னு தெரியுமா அண்ணி?"

"ஒங்க அண்ணன் வந்தா எனக்குத் தெரியாதா? போடு."

ஜன்னலில் தலையை நீட்டினேன். முதல் தடவை வெறும் காற்றுதான். பிறகு வந்தது. டப்டப்டப். அடுத்த வளைவில் இரண்டு பேர் பையோடு ஓடிவந்தார்கள். அந்தப் பெண் வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தாள். மயக்கமில்லை அண்ணா, வெறும் தூக்கம்.

இனி இந்த வண்டிக்குள் புகை வராது. சத்தத்துக்கு நான் பொறுப்பு, தொண்டை கட்டினாலும் விடமாட்டேன். தோசையை மட்டும் திருப்பிக் கேட்காதே.

சைலன்சர் மாட்ட முடியாத
உன் தங்கச்சி