பீப்பாய் திறக்க நான் வரவேண்டும்

அன்புள்ள சுல்மீராவுக்கு, கொய்ம்ப்ராவிலிருந்து உன் அதெரித்து. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் சமைக்கும் மாணவர் விடுதியில் ஒலிந்தா என்ற பெண்ணின் தத்துவக் கட்டுரையைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எதிராளியை முட்டாளாக்கிட்டு ஜெயிக்கக் கூடாதாம் மாமா. அவன் பக்கத்தையும் பலமா சொல்லிட்டுத்தான் பதில் சொல்லணுமாம்."

"இதை நான் போன வருஷமே சொன்னேனே!" என்றேன். பாதிப் பல்கலைக்கழகம் என் சூப்பைக் குடித்துத்தான் யோசிக்கிறது, தெரியுமா?

நானும் அந்த முறையிலேயே உனக்கு எழுதுகிறேன். என் கருத்து: புது வைன் பீப்பாய் திறக்கும் திருநாளுக்கு நான் ஊருக்கு வரவேண்டும். உன் மறுப்பு: லீவு போட்டால் வேலை போய்விடும், பீப்பாயை உன் தம்பியே திறந்துவிடுவான். பலமான மறுப்புதான். பதில் இன்னும் கிடைக்கவில்லை.

கம்பளிக் காலுறை பின்னிவிட்டால் தபாலில் அனுப்பாதே, வீட்டிலேயே வை. சூப் பொங்குகிறது, ஓடுகிறேன்.

உன் அதெரித்து