பஸ் ஓடாத நாலு நாள்

சம்பந்தி,

இன்று காலை உங்கள் மகள் பலாப்பழம் அறுத்தாள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பழம். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் எனக்கு நாக்கு ஊறவில்லை, வயிறு எரிந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த எரிச்சல் மட்டும் ஆறவில்லை. எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள்தான் எழுதுகிறாள். அப்பனைப் பற்றி மாமனார் இப்படிச் சொல்கிறாரே என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எழுதும்மா என்றேன்.

நமக்குள் இருந்த ஏற்பாடு உங்களுக்கு மறந்திருக்காது. என் மகனும் உங்கள் மகளும் அப்போது சேலத்தில் குடியிருந்தார்கள். லீவு விட்டதும் நம் பேத்தி செல்வி ரயிலில் சின்னசேலம் வந்து இறங்குவாள். முதல் பதினைந்து நாள் அப்பனைப் பெற்ற என் வீடு. அடுத்த பதினைந்து நாள் அம்மாவைப் பெற்ற உங்கள் வீடு. நீங்களே வந்து அழைத்துப் போக வேண்டும்.

வருஷம் முழுக்க நானும் என் வீட்டுக்காரியும் அந்தப் பதினைந்து நாளுக்காகத்தான் உட்கார்ந்திருப்போம். வேப்பமரத்தடியைப் பெருக்கிக் கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டுவேன். செல்வி முதுகில் வேர்க்குரு வந்தால் நுங்குத் தண்ணீர் தடவுவேன். பம்பு செட்டில் அவள் குதிக்கும்போது கரையில் நின்று தலையை எண்ணிக்கொண்டிருப்பேன், இருப்பது ஒரே தலைதான் என்றாலும். இத்தனையும் செய்தவனுக்கு வெறும் 'தாத்தா' என்று பெயர். உங்களுக்கு மட்டும் 'மலைத் தாத்தா'. சாப்பிடும்போதும் மலைத் தாத்தா, படுக்கும்போதும் மலைத் தாத்தா.

எல்லாவற்றையும் விட அந்தச் சடை. உங்கள் மனைவி இளவயதிலேயே போய்விட்டதால் மகளுக்கு நீங்களே தலை வாரி வளர்த்தீர்கள். அந்தக் கை பேத்திக்கும் பழகிவிட்டது. என் வீட்டுக்காரி சீப்பை எடுத்தாலே செல்வி ஓடுவாள். கயிறு திரிக்கத் தெரிந்த எனக்கு மூன்று புரி பின்னுவதா பெரிய காரியம் என்று ஒருநாள் நான் உட்கார்ந்தேன். மாட்டுக்குத் தும்பு முறுக்கிய கை, சம்பந்தி. புள்ளை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் இன்னா மாடா? மலைத் தாத்தா பின்னா வலிக்கவே வலிக்காது" என்றாள்.

அன்று நான் சாப்பிடவில்லை.

அதெல்லாம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள். எந்த நாளில் ரோட்டை மறிக்க மரம் விழும், எந்த நாளில் பஸ் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருப் பையன்கள் கோடாலியோடு போனதும், போலீசுக்குப் பயந்து கரும்புக்குள் படுத்துக் கிடந்ததும் நீங்கள் அறிந்ததுதான். அந்தக் கோடையில், நீங்கள் செல்வியை அழைக்க வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள், எங்கள் ரோட்டில் புளியமரங்கள் விழுந்தன. ஊரே கவலையில் இருந்தபோது நான் ஒருவன் மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்து போனேன்.

மூன்றாம் நாள் மரத்தை இழுத்துப் போட்டு பஸ் விட்டுவிட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் உங்கள் பக்கம் புளி ஏற்றப் போன வண்டிக்காரனிடம், "ரோடு இன்னும் தொறக்கல, பஸ்ஸு இல்ல, புள்ள இங்கியே இருக்கட்டும்னு சம்மந்திகிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். மலையடிவாரத்து ஆள், பஸ் இல்லாமல் இத்தனை தூரம் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் உச்சி வெயிலில், தலையில் சும்மாடு கட்டி அதன்மேல் பலாப்பழம் வைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். காலெல்லாம் புழுதி.

"இன்னா சம்மந்தி, இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க?"

"பஸ்ஸு இல்லன்னு சொல்லி அனுப்ச்சீங்களே."

அந்த நேரம் பார்த்து ரோட்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"அது கரும்பு லாரிங்க. மில்லுக்குப் போவுது" என்றேன்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "மில்லுல அரவ முடிஞ்சி எட்டு நாளாவுது" என்றாள்.

நீங்கள் காதில் விழாதவர் போலப் பழத்தை இறக்கி வைத்தீர்கள். செல்வி ஓடிவந்து உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நீங்கள் அவளை அழைத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுவீர்கள் என்று பயந்தேன். நீங்களோ துண்டை உதறி என் கட்டிலில் உட்கார்ந்தீர்கள்.

"புள்ளைய வெயில்ல நடத்திக் கூட்டிக்கினு போவ முடியாது. பஸ்ஸு வுடற வரிக்கும் நானும் இங்கியே இருக்கறங்க."

நான் சொன்ன பொய் எனக்கே வந்து கழுத்தில் மாட்டிக்கொண்டது. நாலு நாள். என் கட்டிலில் நீங்கள், உங்கள் பக்கத்தில் அவள். எனக்குக் கீழே பாய். காலையில் எழுந்ததும் என் கண் முன்னாலேயே சடை பின்னுவீர்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்து அவள் வாயில் ஊட்டுவீர்கள். "தாத்தாவுக்கும் குடு கண்ணு" என்று என் பக்கம் கை காட்டுவீர்கள். நீங்கள் சொல்லித்தான் என் பேத்தி எனக்கு ஒரு சுளை கொடுத்தாள். ஹாரன் கேட்கும்போதெல்லாம், "லாரி நெறைய ஓடுதுபோல சம்மந்தி" என்பீர்கள். என் வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போவாள்.

ஐந்தாம் நாள் காலையில் என்னால் முடியவில்லை.

"பஸ்ஸு ஓடுதுங்க" என்றேன்.

"அப்டீங்களா. நான் வரசொல்லோவே சங்கராபுரத்துல ஓடிக்கினுதான் இருந்துது. கண்டக்டரு கூட, ஏறு பெரியவரேன்னாரு."

"அப்புறம் ஏன் நடந்து வந்தீங்க?"

"சம்மந்தி வூட்லேர்ந்து பஸ்ஸு இல்லன்னு சொல்லி அனுப்ச்சாங்க. நான் அந்த பஸ்ஸுலயே வந்து எறங்கினா ஒங்களுக்கு நல்லாவா இருக்கும்?"

செல்வியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அதோடு கணக்கு சரியாகிப் போயிருக்கும். அதற்கும் வழி விடாமல் பஸ் ஏறிப் போனீர்கள். அவள் போன பிறகு வேப்பமரத்தடியில் நின்ற எனக்கு, பேத்தி மேல் இருந்த ஆசையை விட உங்கள் மேல் இருந்த பொறாமைதான் பெரிதாக இருந்தது. அத்தனை பெரிய மனசு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு ஏன் வரவில்லை?

நீங்கள் போனபோது செல்வி காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். உங்களைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடித்து வந்தாள். கொதிக்கிற நெய் ஒழுகி அவள் வலது மணிக்கட்டில் விழுந்தது. அவள் கையை உதறவில்லை, பந்தத்தை மறு கைக்கும் மாற்றவில்லை. முழுச் சுற்றும் சுற்றி முடித்த பிறகுதான் கையைப் பார்த்தாள். கூட்டத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்ற நான் உங்களுக்காகவும் அழுதேன், சம்பந்தி. ஆனால் முழுக்க உங்களுக்காக அழுதேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். என் கண் மங்கிவிட்டது, ஆனாலும் அவள் வந்து தண்ணீர் நீட்டும்போது மணிக்கட்டில் அந்தத் தழும்பு மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எனக்கென்று அவள் எது செய்தாலும் உங்கள் அடையாளம் உள்ள கையால்தான் செய்கிறாள். அதனால் நான் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, அவளுடைய இடது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு தழும்பும் இல்லை. அதுவாவது என்னுடையதாக இருக்கட்டும்.