மைதானப் பத்திரத்தில் மூன்றாவது பெயர்

ட்ரம்லஹார்ட், லீட்ரிம், அயர்லாந்து
1985 நவம்பர் 19, செவ்வாய்

அன்புள்ள தம்பி உல்டனுக்கு,

ஆண்டவரின் அருளும் மாதாவின் துணையும் உன்னோடு இருக்க வேண்டிக்கொண்டு அண்ணி டிம்ப்னா எழுதுவது.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிப் பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் கிளப் கூட்டம் நடந்தது. வந்திருந்தவர்கள்: பங்குச் சாமியார் டோலன், தலைவர் ஹியூபர்ட் கில்ரேன், தபால்காரர் பெர்னி, இன்னும் கேலிக் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும் மெக்கியோன் பையன்கள் இருவர், க்ளூனா ஊரிலிருந்து மலாக்கி ப்ரெஹனி, குறிப்பு எழுத நான். மொத்தம் ஏழு பேர். உன் அண்ணன் உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நனைந்த கோட்டுகளை அதன்மேல் போட்டிருந்தார்கள்.

க்ளூனாக்காரர் நம் கூட்டத்தில் எதற்கு என்று நீ யோசிப்பாய். நம் கிளப்பை அவர்கள் கிளப்போடு சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் கூட்டமே. இந்த வருஷம் மூன்று ஆட்டத்துக்கு நம்மால் பதினைந்து பேரைத் திரட்ட முடியவில்லை. நாம் போகாமலே எதிராளி ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்கள். என் நோட்டில் 1964-ல் அறுபத்திரண்டு ஆட்டக்காரர் பெயர் இருக்கிறது. பெரியவர்கள், இளைஞர்கள், சின்னப் பையன்கள் என்று மூன்று அணி. இப்போது பதினோரு பெயர். இந்த வருஷம் மட்டும் ஏழு பேர் போய்விட்டார்கள். மூன்று பேர் லண்டன், இரண்டு பேர் பாஸ்டன், இரண்டு பேர் நீ இருக்கும் கவன்ட்ரிப் பக்கம். பார்த்தாயோ என்னவோ.

உங்கள் அப்பா காலத்தில் இது எப்படித் தொடங்கியது என்று அத்தை எனக்குச் சொல்லியிருக்கிறார். மாவுச் சாக்கைப் பிரித்துச் சட்டை தைத்து, பச்சைச் சாயத்தில் முக்கி, மழையில் ஆடி முடித்தால் பதினைந்து பேரின் மார்பும் ஒரு வாரத்துக்குப் பச்சையாக இருக்குமாம். மாட்டுச் சாணம் கிடக்கும் யார் வயலிலாவது ஆடியவர்கள், 1949-ல் சொந்தமாக ஒரு நிலம் வாங்கினார்கள். நிலமா அது, சேறு. முப்பத்தொரு ஆண்கள் இரண்டு குளிர்காலம் மண்வெட்டியோடு நின்று வாய்க்கால் வெட்டினார்கள். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது உனக்குப் பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் உன்னை மைதானம் பார்த்துவர அனுப்புவார். கணுக்காலுக்குத் தண்ணீர் நின்றாலும் சரி, முழங்காலுக்கு நின்றாலும் சரி, நீ கேட்டருகில் வந்து ஒரே வார்த்தையைத்தான் கத்துவாய்: "அண்ணே, மைதானம் காஞ்சிருக்கு, வா." அவரும் தெரிந்தே பூட்ஸை மாட்டிக்கொண்டு வருவார்.

அந்த நிலத்தை 1960-ல் மூன்று பேர் பெயரில் எழுதி வைத்தார்கள். அப்போதைய பங்குச் சாமியார், உன் அண்ணன், நீ. இருப்பதிலேயே இளையவன் நீதான், கடைசிவரை இங்கேயே இருக்கப்போகிறவன் என்று சொல்லித்தான் உன் பெயரைச் சேர்த்தார்கள். அந்தச் சாமியார் இறந்து பதினோரு வருஷம். அண்ணன் போய் ஒன்பது மாதம். பத்திரத்தில் மிச்சம் இருப்பது நீ மட்டும்.

கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மலாக்கி முதலில் பேசினார். "எங்க மைதானத்த மரக் கம்பெனிக்கு வித்தாச்சு. இப்ப அங்க ஊசியிலை மரம்தான் வரிசையா நிக்குது. எங்ககிட்ட ஆளு ஒம்பது, உங்ககிட்ட பதினொண்ணு. சேந்தா ஒரு டீம். இல்லன்னா ரெண்டு ஊரும் வீட்ல உக்காந்து ரேடியோ கேக்கலாம்" என்றார்.

ஹியூபர்ட் விடுவாரா? "அறுபத்தாறுல கப்பைத் தூக்கிட்டுப் போனப்ப பதினஞ்சு பேரு நெஞ்ச நிமித்திட்டு நின்னீங்களே, அவங்கல்லாம் எங்கய்யா?" என்று கேட்டார். "உங்காளுங்க போன அதே கப்பல்லதான்யா" என்று மலாக்கி சொன்னதும் சாமியார் இருமினார்.

சேர்வதானால் மைதானத்தைப் புதுக் கிளப் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு உல்டன் கையெழுத்து வேண்டும் என்றார் பெர்னி. ஹியூபர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கும் அவன் கையெழுத்துதான் நம்மள மண்ணக் கவ்வ வச்சுது. இன்னைக்கும் அதுக்கே போயி கையேந்தணுமா? பேசாம மரக் கம்பெனிக்கே வித்துடுவோம்" என்றார். "விக்கணும்னாலும் அவன்தான் கையெழுத்துப் போடணும், ஹியூபர்ட்டு" என்றார் பெர்னி. மெக்கியோன் பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

அதில் இளையவன், அப்போது பிறந்திராதவன், உல்டன் என்ன செய்தார் என்று கேட்டான். ஹியூபர்ட் சொல்ல ஆரம்பித்தார். 1966 இறுதி ஆட்டம். க்ளூனாவை நாம் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். எட்டாம் நாள் க்ளூனா புகார் கொடுத்தது. நடுவரிடம் தரும் ஆட்டக்காரர் பட்டியல் ஐரிஷ் மொழியில், நம் நாட்டில் செய்த தாளில் இருக்க வேண்டும் என்பது விதி. மாவட்டக் குழுவில் நம் தாளை விளக்கடியில் தூக்கிப் பிடித்தார்கள். நம் நாட்டுத் தாளுக்குள் தெரியும் நீரடையாளம் அதில் இல்லை. அது வெளிநாட்டுத் தாள். கப் போய்விட்டது. "செகரெட்டரி அவன்தான். யாருய்யா எழுதினதுன்னு கேட்டா, தப்பு என்னோடதுதான்னு தலையக் குனிஞ்சான். அவ்ளோதான். அதுக்கப்புறம் இந்த ஊரு நிமிரவே இல்ல" என்று முடித்தார்.

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். "உல்டன் மெக்டியர்னனின் அலட்சியத்தால்" என்று எழுதியாகிவிட்டது. 1966 நோட்டிலும் இதே கையால் இதே வார்த்தைகளை எழுதியிருக்கிறேன். அப்போது தடுமாறாத பேனா ஞாயிற்றுக்கிழமை நகர மறுத்தது. அந்த வரியை அடித்தேன். எழுந்து நின்று, ஏன் அடித்தேன் என்று அவர்களுக்குச் சொன்னேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், தம்பி. ஆனால் முழுக்கத் தெரியாது. நீ கொண்டுவந்த நல்ல தாளில் சனிக்கிழமையே நான் பட்டியலை எழுதி, நீ கையெழுத்துப் போட்டு, அலமாரித் தட்டில் வைத்தோம். மறுநாள் காலையில் தேநீர் கொட்டிவிட்டது என்று வேறு தாளில் எழுதி மைதானத்துக்கு எடுத்துவந்தேன். நீ பிரித்துக்கூடப் பார்க்காமல், அண்ணன் முதுகில் வைத்து மறுபடி கையெழுத்துப் போட்டாய். தாள் முழுக்க நாசமாகிவிட்டது என்றுதான் அன்று உன்னிடம் சொன்னேன். அது பொய். ஒரு மூலையில்தான் கறை. பதினைந்து பெயரும் தெளிவாகத் தெரிந்தன.

பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஐரிஷ் எழுத்தை ஜெபப் புத்தகத்தையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு நானே படித்தேன். மாவட்டக் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் வாத்தியார்கள். கறை பட்ட தாளை அவர்கள் பார்க்கக்கூடாது, என் கையெழுத்தைச் சுத்தமாகப் பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு பெருமை. கிளாஸ்கோவிலிருந்து அக்கா அனுப்பிய தடித்த கடிதத் தாள் கையில் இருந்தது. விதி எனக்குத் தெரியும். யார் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

குழு விசாரித்தபோது வேறு தாளைக் கொண்டுவந்தது நான்தான் என்று உனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. வாசலில் வைத்து அண்ணன் உன்னைச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னபோது நான் அடுப்படியில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அப்போதும் நீ சொல்லவில்லை. இரண்டாம் வாரம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாய். நான் பாவசங்கீர்த்தனத்தில் பழைய சாமியாரிடம் இதைச் சொன்னேன். சாமியார் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார், கணவரிடம் உண்மையைச் சொல்லச் சொன்னார். ஜெபமாலையைச் சொல்லி முடித்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மலாக்கிதான் வாயைத் திறந்தார். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே, தரையைப் பார்த்து, "எங்க லிஸ்ட்டும் அன்னைக்குக் கடையில வாங்குன வெளிநாட்டுத் தாள்தாம்மா. முதல்ல புகார் குடுத்தா நம்மள யாரும் பாக்கமாட்டாங்கன்னு குடுத்தோம். நீங்க யாராவது எந்திரிச்சு, எங்க தாளையும் தூக்கிப் பாருங்கன்னு கேப்பீங்கன்னு பயந்துட்டே உக்காந்திருந்தேன். யாரும் கேக்கல" என்றார்.

நாம் கேட்கவில்லை, தம்பி. அவமானத்தில் எல்லோரும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹியூபர்ட் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாமியார் ஓட்டுப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். சேர்வதற்கு நான்கு பேர், வேண்டாம் என்று ஹியூபர்ட் ஒருவர். சாமியார் போடவில்லை, மலாக்கிக்கு ஓட்டு இல்லை. மைதானம் மெக்கியோன் பையன்கள் இருவர் பெயருக்கும் மலாக்கியின் மருமகன் பெயருக்கும் மாற வேண்டும். டிசம்பர் பதினைந்துக்குள் காகிதம் மாவட்டக் குழுவுக்குப் போகாவிட்டால் இரண்டு கிளப்பையும் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு நிலத்துக்கு மரக் கம்பெனியை விட்டால் ஆள் இல்லை. மூன்று பக்கமும் சுவரை ஒட்டி இப்போதே மரம் வந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கே கோல் கம்பத்தின் மேல் நிழல் விழுகிறது.

நேற்று ஹியூபர்ட் கடைக்குப் போனேன். ரொட்டியை எடுத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். இன்று காலைப் பூசையில் என் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. இரண்டு நாள்தான் ஆகிறது. நீ பத்தொன்பது வருஷம் இதைச் சுமந்தாய்.

இனி உன் அண்ணனைப் பற்றி. மார்ச்சில் நான் அனுப்பிய நினைவு அட்டை உனக்குக் கிடைத்தது என்று தெரியும். அவர் பெயருக்கு ஒரு பூசை வைக்கச் சொல்லிக் காணிக்கை வந்தது. அதில் ஒரு வரியும் இல்லை. என் அட்டையிலும் ஒரு வரியும் இல்லையே, உன்னை என்ன சொல்ல.

போவதற்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, அவரிடம் சொன்னேன். தாள், கறை, கிளாஸ்கோ அக்கா, எல்லாம். அன்று ராத்திரி முழுக்க எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். மறுநாள் காலை எழுந்ததும், "அவன் போட்ட கடுதாசியெல்லாம் எரிச்சுட்டியா?" என்று கேட்டார். நீ நான்கு கிறிஸ்துமஸுக்கு எழுதிய நான்கையும் அவர் பிரிக்காமல் அடுப்புப் பக்கம் வீசினார், நான் எடுத்து வைத்திருந்தேன். பிரித்து வாசித்துக் காட்டினேன். ஒன்றில்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசிக் கடிதத்தில், அண்ணிக்குத் தனியாக ஒரு விசாரிப்புக்கூட எழுதியிருந்தாய். அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

பிறகு தாள் எடுக்கச் சொன்னார். கையில் பேனா நிற்காது என்பதால் அவர் சொன்னதை நான் எழுதினேன். ஒரே வரி. கீழே அவர் சிலுவை போட்டார். "இன்னைக்கே பெர்னி கையில குடு. திங்கக்கெழம கெடச்சுடும்" என்றார். அது பிப்ரவரி பதினான்கு. பெர்னி அன்று வாசலுக்கு வந்தார், நான் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்தால் நீ வருவாய். நீ வந்தால் ஊர் கேட்கும், நான் பதில் சொல்ல வேண்டிவரும். போட்டாயா என்று வெள்ளிக்கிழமை கேட்டார். போட்டுவிட்டேன் என்றேன். சனிக்கிழமை இரண்டு தரம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, ரோட்டைப் பார்த்தார். அன்றே போய்விட்டார்.

இது உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் மாதம். அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். எனக்காக ஜெபிக்கச் சொல்லி உன்னைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

இத்துடன் இரண்டு தாள் இருக்கிறது. பெரியது மைதானத்தை மாற்றும் காகிதம். சாட்சி முன்னால் நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். முதலில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார், ஒவ்வொரு வரியையும் படி. நான் நீட்டுகிறேன் என்பதற்காக மறுபடியும் பார்க்காமல் போட்டுவிடாதே. மனம் இல்லாவிட்டால் போடாமலே திருப்பி அனுப்பு. உன்னைக் கேட்க இந்த ஊரில் யாருக்கும் வாய் இல்லை.

சின்னது உன் அண்ணனுடையது. எழுத்து என்னுடையது, வார்த்தை அவருடையது. உறையை ஒட்டும்போது மறுபடி பயம் வந்து அதை எடுத்துவிடுவேனோ என்று இங்கேயும் எழுதிவிடுகிறேன்: "உல்டன், மைதானம் காஞ்சிருக்கு, வா."

ஒரு வாரமாக விடாத மழை. இன்று காலை போய்ப் பார்த்தேன், தண்ணீர் கணுக்காலுக்கு மேல். உன் அறையில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டைகூட வைக்காமல் காலியாகவே விட்டிருக்கிறேன். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

டிசம்பர் பத்துக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணி,
டிம்ப்னா