காட்டாத கால்

இன்று கிளினிக்கில் பிரஷர் பட்டி என் கையைச் சுற்றி இறுகியபோது உங்கள் நினைவு வந்துவிட்டது. உங்களுக்கு அதைக் கட்டும்போதெல்லாம், "வீட்டில மனிசி இறுக்கிறது போதாதே, டொக்டர்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள்.

உங்கள் கால்விரல் கறுத்த வருடம் பெரிய டொக்டர் நமக்கு விளக்கியது எனக்கு இன்னும் பாடம். இரத்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறதாம். இரத்தத்தில் ஓடும் சிறுதட்டுகளிலிருந்து செரட்டோனின் என்ற ஒன்று வெளிவந்து அந்தத் தசையைத் தட்டும். உடனே கல்சியம் உள்ளே பாயும், தசை சுருங்கும், குழாய் ஒடுங்கும். நல்ல உடம்பில் குழாயின் உள்தோல் அதைத் தளர்த்திவிடும். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் நாட்பட்டால் உள்தோல் பழுதாகி, இறுக்கம் கூடிவிடும். கடைசியில் கால்விரலுக்கு இரத்தம் போகாது.

நீங்கள் விடுவீர்களா? "செரட்டோனின் எண்டா சந்தோசத்துக்கு எண்டெல்லோ பேப்பரில போடுறவை? அப்ப என்ரை காலுக்குச் சந்தோசம் கூடிப்போச்சு." டொக்டரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பங்குனி வெயிலிலும் சொக்ஸ் போட்டுக்கொண்டு அந்த விரலை மாதக்கணக்காக என்னிடம் மறைத்துவிட்டீர்களே என்ற கோபம். காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. வேலணையில் யார் வந்து விசாரித்தாலும், "ஒளிச்சு வைச்சுக் காலைத் துலைச்ச மனிசன்" என்று உங்களுக்குக் கேட்கத்தக்கதாகச் சொல்வேன். நீங்கள் கண்மூடிய பிறகும் சொன்னேன்.

இப்போது என் இடதுகால் சின்னவிரல் குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. நகத்தோரம் கறுத்திருக்கிறது. சில கிழமையாக நானும் சொக்ஸ் போடுகிறேன். மகள் கேட்டால் நுளம்பு கடிக்குது என்கிறேன்.

இன்று இருந்தவள் புது டொக்டர். நயினாதீவில் பூசை செய்யும் ஐயர் வீட்டுப் பிள்ளை. "அம்மா, காலை ஒருக்காக் காட்டுங்கோ" என்று என் முன்னால் குந்தினாள். நான் பதறிக் காலை இழுத்துக்கொண்டேன்.

"ஐயோ, ஐயர் வீட்டுப் பிள்ளை நீங்கள் என்ரை காலைத் தொடக்கூடாது. பாவம் எனக்கு. காலுக்கு ஒண்டும் இல்லை."

பக்தியைச் சாட்டித் தப்பிவிட்டேன். உள்ளே இருந்தது வெட்கம். சந்தி சிரிக்க உங்களைப் பற்றிப் பேசிய வாயால் என் விரலைப் பற்றி எப்படிச் சொல்ல? மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை வந்துவிட்டேன். புளியங்கூடல் பஸ் வந்து நின்றது. ஏறும்போது அந்த விரல் படியில் நன்றாக இடித்தது. நோகவில்லை. கொஞ்சங்கூட நோகவில்லை. பயந்து கீழே இறங்கிவிட்டேன்.

திரும்பிப் போனபோது அவள் வீட்டுக்கு வெளிக்கிட்டு நின்றாள். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டாள். சொக்ஸைத் தானே கழற்றி, விரலை அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"எவ்வளவு நாளா, அம்மா?" என்றாள். பிறகு, "இரத்தம் இன்னும் கொஞ்சம் வருது. நாளைக்கே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, அங்க காட்டத் துண்டு எழுதித் தாறன். நல்லகாலம் திரும்பி வந்தனீங்கள்."

அழுதுவிட்டேன். ஒரு காலைக் காட்டுவது எவ்வளவு கூச்சமான காரியம் என்று இன்றுதான் தெரிந்தது. நீங்கள் ஏன் காட்டவில்லை என்று இத்தனை காலமும் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தேன். நான் ஒருக்கா ஏசாமல் கேட்டிருந்தால் காட்டியிருப்பீர்கள், என்ன?