ஆளில்லாத சுட்டொளி

நலம் சூழ்க. வேங்கைமலையின் சிகரங்களுக்கு உரியவளும், குறிஞ்சாற்றின் தலைமதகைக் காப்பவளும், தந்தைக்குப் பின் அவிரூர் அரியணையில் அமர்ந்தவளுமாகிய எயினிதேவி, கீழைக்கடலின் துறைகளை ஆள்பவளும், முத்தலைத்துறையின் கலங்கரை விளக்கங்களுக்கு உரியவளும், எம் உடன்பிறந்தவளுமாகிய நறுவீதேவியாருக்கு விடுக்கும் ஓலை. உங்கள் கலங்கள் சேதமின்றிக் கரை சேர்க. உங்கள் உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க. உங்கள் குடிகள் உங்களைத் தேடி வரும்போது நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பீர்களாக.

இதை எழுத்தர் எவரும் எழுதவில்லை. எழுத்தாணி பிடித்துப் பழகாத என் கை ஏட்டைச் சில இடங்களில் கிழித்திருக்கிறது. பொறுத்துக்கொள்க. ஓலைநாயகம் பூதனார் இதை உங்கள் அவையில் உரக்கப் படிப்பார். அவையோர் அனைவருக்கும் விளங்க வேண்டும் என்பதால் நாம் இருவரும் அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தந்தையார் நாட்டை மலையென்றும் கரையென்றும் பிரித்து நம்மிடம் தந்தபோது ஒரு கட்டளையையும் தந்தார். இருவர் கண்ணும் படாத ஆணை ஆணையாகாது. இருவர் முத்திரையாலன்றி எந்த ஆணையும் நீங்காது. இதற்காகவே உலாவி என்னும் பளிங்குப் பலகை இரு அரண்மனைகளிலும் வைக்கப்பட்டது. நாட்டின் எந்த ஏட்டறையில் எந்த ஏடு இருந்தாலும், இருந்த இடத்திலிருந்தே அதில் விரித்துப் பார்க்கலாம். முன்பெல்லாம் நான் பார்த்த பிறகு நீங்கள் பார்ப்பீர்கள். பிறகு ஓலைகள் போகும், வரும். ஓர் ஆணை பிறக்க ஒரு பருவமே கழிந்துவிடும்.

சென்ற இளவேனிலில் உலாவிச்சாலையார் இரண்டு புதுமைகளைக் கொண்டுவந்தனர். ஒன்று கூட்டுலா. ஒரே ஏட்டை இருவரும் ஒரே வேளையில் விரிக்கலாம். என் விரல் செல்லும் இடத்தில் செந்நிறச் சுட்டொளி தெரியும், உங்கள் விரல் செல்லும் இடத்தில் நீலச் சுட்டொளி தெரியும். ஏட்டின் கடைசி வரியில் இரு ஒளிகளும் சேர்ந்து நின்றால் இருவரும் கண்டதாகக் கொண்டு முத்திரைக்காரர்கள் முத்திரை இடுவார்கள். மற்றொன்று நீட்சி செய்வோருக்குத் திறக்கப்பட்ட வாயில். உலாவியோடு பொருத்தும் சிறு கருவிகளான நீட்சிகள் அதுவரை எழுத்தைப் பெரிதாக்கும், பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும், அவ்வளவே. இப்போது சுட்டொளியையே நகர்த்தும் உரிமை அவற்றுக்குத் தரப்பட்டது. கை நடுங்கும் முதியோரின் ஒளி வரியைவிட்டு விலகாமல் தாங்கிப்பிடிப்பதற்காகவே அவ்வுரிமை கேட்கப்பட்டது. நல்ல காரணம்தான். நானே ஒப்பினேன்.

சென்ற வாரம், அரச முத்திரை வேண்டும் நீட்சியாளர் தத்தம் வேலையை என் அவையில் காட்ட வந்தார்கள். உங்கள் நகரின் பளிங்குத் தெருவிலிருந்து சாத்தி என்பவளும் வந்திருந்தாள். வாயாடி, அவையைக் கண்டு கூசாதவள். தன் நீட்சிக்குப் பெயர் துணைநிழல் என்றாள். கூட்டுலாவுக்கு அழைத்தவர் மனம் நோகக் கூடாது, ஆனால் நமக்கோ வேறு வேலை இருக்கிறது, அப்போது இதைப் பொருத்திவிட்டு எழுந்து போகலாம், நமது ஒளி அவர் ஒளியோடு தானே உலாவிக்கொண்டிருக்கும் என்று விளக்கினாள். முத்தலைத்துறையில் பாதிக் கணவன்மார் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் தாயே, மீதிப் பாதி இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். அவை சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒட்டிக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று அமைச்சர் பெருங்காவிதி மருதனார் கேட்டார். அந்தத் தப்பையெல்லாம் தான் செய்வதில்லை என்று சாத்தி பெருமையோடு செய்து காட்டினாள். மற்றவர் ஒளி நகர்ந்து ஒரு மூச்சு கழித்துத்தான் இது நகரும். சில வேளை இரண்டு வரி முந்திப் போய்க் காத்திருக்கும். மற்றவர் ஓரிடத்தில் தயங்கினால், இது அந்த இடத்தைச் சுற்றி மெல்ல ஒரு வட்டமிடும். அந்த வட்டம் மட்டும் தன் யோசனை இல்லை, கரைநாட்டு அரசியாரே கேட்டு வாங்கிய சிறப்பு, அவர்கள் தினமும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் முத்திரை தருவதற்கு வேறு சான்று வேண்டுமா என்று கேட்டாள்.

உங்களைக் கூட்டுலாவுக்கு அழைப்பவள் நானே என்று அறியாமல் சொன்னாள். அவையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

நறுவீ, இதற்குமேல் என்னால் நீங்கள் என்று எழுத முடியவில்லை. அவையோர் பொறுக்க.

அந்த வட்டத்தை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? நான் மனம் கலங்கி ஒரு வரியில் நின்றபோதெல்லாம் உன் நீல ஒளி வந்து அதைச் சுற்றியது. கையைப் பிடித்து அமர்த்துவதுபோல் இருந்தது. நேரில் இருந்த காலத்தில் என்னோடு எதற்கும் ஒத்துப்போகாத நீ, தொலைவுக்குப் போனபிறகு என்னைப் புரிந்துகொண்டாய் என்று நினைத்தேன். பார்க்க வேண்டிய ஏடு இல்லாத நாட்களில்கூட ஏதாவது ஓர் ஏட்டை விரித்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். நீயும் வந்தாய். எப்போதும் வந்தாய். கூப்பிட்ட உடனே வருகிறவள் நான் அறிந்த நறுவீ இல்லையே என்று எனக்கு ஒருமுறையும் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதே சரி.

அது என் துயரம். அதற்காக ஓலை அனுப்ப மாட்டேன். அனுப்பும் காரணம் நெடுவரம்பு.

குறிஞ்சாற்றின் குறுக்கே கட்டிய புதிய அணையின் மதகை இந்த மழைக்கு அடைப்பது என்றும், நீர் ஏறும்முன் நெடுவரம்பு ஊரார் மேட்டுநிலத்துக்குப் போய்விட வேண்டும் என்றும் ஓர் ஆணை நம் இருவர் முத்திரையோடு நிற்கிறது. ஊரார் அனுப்பிய விண்ணப்பத்தைக் கூட்டுலாவில் நாம் சேர்ந்து படித்தோம்; அல்லது படித்தேன். அதன் நடுவில் ஒரு வரி இருந்தது. மேட்டில் குடிநீர் ஊறுமா என்று யாராவது தோண்டிப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். எவரும் பார்த்திருக்கவில்லை. பார்த்தால் அணை அடுத்த மழைக்குத் தள்ளிப்போகும். என் ஒளி அந்த வரியில் நின்றது. உன் ஒளி வந்து அதை வட்டமிட்டது. நீ இங்கே நில் என்று சொல்வாய் என எதிர்பார்த்தேன்; உண்மையில் அதற்காகவே நின்றேன். பிறகு, அவள் அமைதியாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். ஒரு மூச்சு கழித்து நீயும் வந்தாய். எவ்வளவு நிம்மதியாக இருந்தது. இருவர் சேர்ந்து பார்த்து எடுத்த முடிவு என்று அன்று அவையில் அறிவித்தேன்.

என் நிழலிடம் கேட்டு, அது தலையாட்டியதைக் கண்டு, ஓர் ஊரைக் கிளப்பியிருக்கிறேன்.

முதலில் போன குடும்பங்கள் மேட்டில் கிணறு வெட்டினார்கள். பாறை. மறுபடி வெட்டினார்கள். பிறகு குடங்களோடு பழைய ஊருக்கே இறங்கி வந்தார்கள். ஆணை இருப்பதால் காவலர் அவர்களை ஆற்றங்கரையிலேயே தடுத்தார்கள். அவர்களில் நிறைசூலியான ஒருத்தி, உங்கள் அரசிமார் இருவரும் கண்ணால் பார்த்துத்தானே எழுதினார்கள், அந்தக் கண்ணை எங்கே வைத்திருந்தார்களாம் என்று காவலர் தலைவனிடம் கேட்டிருக்கிறாள். அவன் அந்தக் கேள்வியை அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறான்.

சாத்தியைத் தனியே அழைத்து, நீட்சி கேட்ட நாளில் நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று விசாரித்தேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். அக்காள் எப்படியும் தான் நினைத்ததைத்தான் செய்வாள், நான் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்று சொன்னாயாம். அந்தச் சொல்லில் பொய் எவ்வளவு என்று சில நாட்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதிகம் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் கேளாதவள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். நெடுவரம்பார் உனக்கு என்ன செய்தார்கள்? என்மேல் இருந்த சலிப்பை அவர்கள் தலையில் ஏன் இறக்கினாய்? நான் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உன் ஒளி அந்த வரியைவிட்டு நகராமல் இருந்திருந்தால் முத்திரை விழுந்திருக்காது. அந்த ஒரு வல்லமையைத்தான் தந்தையார் உனக்குத் தந்தார். அதை ஒரு நீட்சியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாய். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. படகோட்டப் போயிருந்தால் கடலாவது உன்னை உண்மையாகப் பார்த்திருக்கும்.

இனி அரசியாகவே எழுதுகிறேன்.

நீட்சி செய்யும் தொழிலையே நாட்டில் தடுத்துவிட வேண்டும் என்று பெருங்காவிதியார் வேண்டினார். மறுத்தேன். நம் ஏட்டறைக் காப்பாளர் கண் மங்கிய பிறகும் வேலை பார்ப்பது நீட்சியால்தான். ஆனால் ஆளில்லாமல் நகரும் ஒளி எதுவாயினும் சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டும் என்று விதித்தேன். அப்படித் தெரிந்தால் இதை யார் வாங்குவார்கள் தாயே என்று சாத்தி கேட்டாள். விதியை நான் தளர்த்தவில்லை. அவளைத் தண்டிக்கவுமில்லை. கேட்டதைச் செய்துகொடுத்தவள் அவள்.

நெடுவரம்பு ஆணையை நீக்க உங்கள் முத்திரை வேண்டும். அதுவரை மதகைத் திறந்தே வைக்குமாறு என் காவலருக்குச் சொல்லியிருக்கிறேன். இறங்கி வந்தவர்களை ஊருக்குள் விடவும் சொல்லியிருக்கிறேன். இது தந்தையாரின் கட்டளைக்கு மாறானது. அறிந்தே செய்தேன். மாறு என்று நீங்கள் முறையிட்டால் அரியணையிலிருந்து இறங்கி விடை சொல்வேன். மழை இறங்கும்வரைதான் காவலரும் அங்கே நிற்க முடியும். அதற்குள் உங்கள் முத்திரை வராவிட்டால் மதகு ஆணைப்படி அடைபடும்.

ஆகவே கட்டளை இது. நெடுவரம்பாரின் மூல விண்ணப்பத்தை இவ்வோலையோடு கட்டி அனுப்பியுள்ளேன். நறுவீதேவியார் அதைப் பலகையில் விரிக்காமல், கையில் ஏந்தி, அவையோர் முன் தம் வாயால் முதலிலிருந்து கடைவரை படிக்க வேண்டும். பூதனார் நின்று கேட்பார். படித்த பிறகு, மதகை அடைப்பதே தகும் என்று உங்களுக்குத் தோன்றினால் அவ்வாறே எழுதி அனுப்புங்கள். வாதாடுவேன், சினப்பேன், நேரில் வந்தும் கத்துவேன். ஆனால் அது நீங்கள் சொன்னதாக இருக்கும். திறந்தே இருக்கட்டும் என்று தோன்றினால் முத்திரை இடுங்கள். பூதனாரின் குதிரை சேணம் கழற்றாமல் காத்திருக்கும்.

கூட்டுலாவில் இனி உங்களை அழைக்க மாட்டேன்.

மலையின் மேல் மேகம் கறுத்து நிற்கும் வேளையில், அவிரூர் அரண்மனையில், என் கையால் எழுதி, அரக்கிட்டு, வேங்கை முத்திரை பதித்து விடுத்தேன். இதைப் படித்தோர் மறவாதிருக்க, கேட்டோர் திரிக்காதிருக்க, கொண்டுவந்தவருக்கு நீரும் நிழலும் கிடைக்க. ஓலையின் இடப்புறம் என் முத்திரை. வலப்புறம் உங்கள் முத்திரைக்கான வெறுமை. நெடுவரம்பு அங்கே இருக்கிறது.