அதிபருக்காக ஒரு தேங்காய்க் குவியல்

ஜனவரி 20, செவ்வாய்

மகன் குகன் காலையில் கூப்பிட்டான். அவன் எண்ணெய்க் கப்பல் இன்னும் அதே நீரிணையில்தான் நிற்கிறதாம். எதிர்நாடு பணியாவிட்டால் பிப்ரவரி பிறந்ததும் தாக்குவேன் என்கிறான் அந்த வல்லரசின் அதிபர். அவன் பெயரை என் டைரியில் எழுத மாட்டேன். "ஒன்னும் ஆகாதும்மா, எஞ்சின் ரூம்லதான் சூடு தாங்கல" என்கிறான் குகன். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை, கழுதைக்கு.

ஜனவரி 22

மகள் ஷர்மினியிடம் அதிபர் அலுவலகத்துக்கு ஈமெயில் அனுப்பச் சொன்னேனே, பதில் வந்துவிட்டது. 'உங்கள் கருத்துக்கு நன்றி.'

கருத்தா? பெத்த புள்ளடா அது!

ஜனவரி 25, ஞாயிறு

தைப்பூச ரதம் வரும்போது ரோட்டோரம் தேங்காய் குவித்து உடைப்போமே. இந்த வருஷம் எங்கள் ஊர் பாகான் டாலாம் குவியல்மேல் ஒரு பலகை வைக்கிறேன். ஷர்மினி ஆங்கிலத்தில் எழுதினாள்: 'அதிபரே, போர் வேண்டாம். பேசுங்கள். என் மகன் குகன் பீரங்கிக்கு எதிரே நிற்கிறான்.' 'தயவுசெய்து' சேர்க்கவா என்று கேட்டாள். சேர்க்காதே என்றேன்.

ஜனவரி 29

சுப்பையா அண்ணன் வந்தார். குவியலுக்கு அவர்தான் பொறுப்பு.

"சாமி காரியத்துல அரசியல் வேணாம்லா, வள்ளி. போலீஸ் கேட்டா நான் என்னா சொல்றது?"

"பக்கத்துக் குவியல்ல எம்.பி. மூஞ்சி நாலடிக்குப் பல்லக் காட்டுதே அண்ணே, அது என்னா முருகன் படமா?"

மனுஷன் எழுந்து போய்விட்டார். "விடு வள்ளி" என்கிறார் என் வீட்டுக்காரர். என்னத்த விட? எனக்குப் பயம்தான். பயம் ஏற ஏற வாய்தான் நீளுகிறது.

ஜனவரி 31, சனி

வைத்துவிட்டேன்.

சுப்பையா அண்ணன் பலகையைத் திருப்பி வைத்தார். நான் நேராக்கினேன். மறுபடி அவர். மறுபடி நான். ரதம் நெருங்கிவிட்டது. அப்போது ஒரு வெளிநாட்டுப் பெண், இங்கே படிக்கிறவளாம், பலகையைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள். "அவர் எங்கள் நாட்டு அதிபர்" என்றாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அதன்பிறகு அவள் சொன்னதை ஷர்மினிதான் தமிழில் சொன்னாள். அவள் தம்பியைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். தானும் ஒரு காய் உடைக்கலாமா என்று கேட்கிறாளாம்.

சுப்பையா அண்ணனே ஒரு தேங்காயை எடுத்து அவள் கையில் கொடுத்தார். முதல் வீச்சில் உருண்டு ஓடியது. "ஓங்கி அடி புள்ள!" என்று கத்தினேன். அடுத்ததில் சிதறியது. அவள் அழுதாள். நானும்தான். பலகையை அதற்குமேல் யாரும் தொடவில்லை.

பிப்ரவரி 3

தாக்கவில்லை! கெடுவை ஒரு மாதம் தள்ளியிருக்கிறானாம். தள்ளினா போதுமா? நிறுத்துடா!

பிப்ரவரி 11

கப்பல் நீரிணையைத் தாண்டிவிட்டது. முருகா.

பிப்ரவரி 19, வியாழன்

குகன் வீட்டில் இருக்கிறான். இளைத்துவிட்டான். மூன்று தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான்.

"புள்ளதான் வந்துட்டான்ல, அந்தப் பலகையத் தூக்கிப் போடு" என்றார் வீட்டுக்காரர். நான் பலகையைக் கூடத்தில் கிடத்தி, 'என் மகன் குகன்' என்ற இடத்தில் மட்டும் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். இன்னும் காயவில்லை. ஷர்மினி அந்தப் பெண்ணுக்கு போன் போட்டிருக்கிறாள், அவள் தம்பியின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்க.