ஆட்டுத்தலையும் ஒரு கையெழுத்தும்

கடந்த செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். இரண்டு நாளாக எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. உள்ளே ஒரு கோழி, பிளாஸ்டிக் பையில். பையின் அடியில் இளஞ்சிவப்பாக நீர் தேங்கியிருந்தது. அந்த வாடை முதலில் இனிப்பாகத்தான் வரும், உனக்குத் தெரியும். பிறகுதான் தொண்டைக்குள் விரலை விடும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தடவ அலசி, நல்லா முறுக்கப் பொரிச்சிட்டா ஒன்னும் தெரியாது" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. ரங்கூனில் இப்போது பாதி வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நம் கப்பல் கேப்டன் அன்று சொன்னதும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வழியில் என் விரல்களில் அந்த நீர் சொட்டியது. மூன்று முறை சோப்பு போட்டும் அது போகவில்லை, அல்லது போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்குத்தான் உனக்கு இதை எழுதவேண்டும் என்று முடிவு செய்தேன்.

நாம் இருவரும் ஒன்றாக ஏறியது அந்த ஒரு கப்பல்தான். நீ ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலா, நான் இந்தப் பக்கம் க்யிம்யிண்டைங். நம் இருவர் பாட்டன்மாரும் இதே துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரே பாயில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவர்கள் நாம். கப்பலில் நீ சமையல்காரன், நான் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற ஆள். மற்றவர்கள் பெரும்பாலும் பர்மியர்கள். கேப்டன் வேறு நாட்டுக்காரர். பெயரை எழுதக் கை கூசுகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், தெரியாததையும்.

இறைச்சி அறையின் குளிரூட்டும் இயந்திரத்தை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதவேண்டியது என் வேலை. வட கடலில் கப்பல் புரண்ட அந்த நாட்களில் எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. போகாமலே போனதாகக் குறித்துவைத்தேன். ஒன்றரை நாள். அதற்குள் இயந்திரம் நின்றுபோயிருந்தது. இறைச்சி எடுக்க நீ கதவைத் திறந்தபோது அந்த வாடை படிக்கட்டு வழியாக இயந்திர அறைவரை இறங்கி வந்தது. நான் ஓடிப்போய் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டேன். வெந்நீர் விட்டதுபோல் தளர்ந்துகிடந்த பன்றி இறைச்சி எல்லாம் திரும்பவும் உறைந்து, பச்சை ஓடிய கட்டிகளாக இறுகியது.

கேப்டன் கேட்டபோது நீதான் பதில் சொன்னாய். "பழைய மெஷின் சார், அதுவா நின்னுபோச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். ஒரு கண நேரம்தான். பிறகு உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய்.

பெர்கன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் துறைமுக அதிகாரிகள் கப்பலின் எஞ்சின் கோளாறைக் காட்டிக் கப்பலை நிறுத்திவைத்தார்கள். மழையைத் தவிர வேறெதுவும் இல்லாத நவம்பர். முதலாளியிடமிருந்து புதுச் சாமான் வரவில்லை. "அந்தக் கறியைச் சமை. வினிகரில் கழுவு, நன்றாக வேகவை, ஒன்றும் தெரியாது" என்றார் கேப்டன். நீ மாட்டேன் என்றாய். இரண்டாம் நாளும் மாட்டேன் என்றாய். மூன்றாம் நாள் சமைத்தாய்.

அன்று மாலை நடைவழி முழுக்க மனிதர்கள் குந்திக்கிடந்தார்கள். கழிப்பறை வரைக்கும் போக முடியாதவர்களின் அசிங்கம் தரையெல்லாம். மாலுமிகளின் தலைவர் கோ தெய்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். நீ ஒருவன்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்று எல்லாவற்றையும் துடைத்தாய். நான் படுக்கையில் கிடந்தபடி பார்த்தேன். உதவிக்கு எழுந்திருக்க என்னால் முடிந்திருக்கும். அந்த வாடைக்குப் பயந்து எழுந்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் சோல்வெய் அம்மாள் வந்தார். மாலுமிகள் வந்து உட்காரும் விடுதியில் அவரைச் சந்தித்தோம். அறுபது வயதிருக்கும், நல்ல உயரம், சிவப்பு ரப்பர் காலணி. கோடையில் வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் பழைய சாப்பாடுகளைச் சுவைக்கவைக்கும் வழிகாட்டி. மழைக்காலத்தில் ஆளில்லை. நீ சமையல்காரன் என்று கேட்டதும், "நாளைக்கு உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என் ஊரைக் காட்டுகிறேன்" என்றார். எல்லாரும் பேசியது கப்பல் ஆங்கிலம்தான்.

அந்த நாளை நீ திருவிழா மாதிரிக் கொண்டாடினாய். எனக்கு அது வாந்தியை அடக்கிக்கொண்டே நடந்த நாள்.

முதலில் மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி. பார்க்கத் துணி துவைக்கும் சோப்புக்கட்டி. வாயில் வைத்தால் வெல்லம்போல் இனித்தது, உடனே பின்னாலிருந்து ஆட்டுக்கொட்டகை வந்து நாக்கில் படுத்துக்கொண்டது. நான் அதைக் கைக்குட்டையில் துப்பி மடித்தேன். நீ இரண்டாவது துண்டு கேட்டாய். அடுத்து, மரப்படிகள் இறங்கிப்போகும் நிலவறைச் சாப்பாட்டுக்கடை. தட்டில் ஒரு மீன், ஆனால் மீனாக இல்லை. கண்ணாடிபோல், கஞ்சிபோல், தொட்டால் நடுங்கியது. காய்ந்த மீனைச் சாம்பல் காரநீரில் ஊறப்போட்டு வீங்கவைத்துச் செய்வதாம். சாம்பலும் சோப்பும் கலந்த வாடை. கரண்டியில் எடுத்தேன், அது வழுக்கி விழுந்து தட்டில் இன்னும் கொஞ்சம் நடுங்கியது.

நீயோ அந்த அம்மாளைத் துளைத்து எடுத்தாய்.

"காரத் தண்ணியில எத்தன நாள்?"

"இரண்டு நாள். அதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் ஆறு நாள். பின்னாலும் ஆறு நாள்."

"தண்ணி மாத்தணுமா?"

"தினமும். ஒருநாள் மறந்தால் எல்லாவற்றையும் கொட்டவேண்டும். என் அம்மா குளிரில் விரல் சிவக்க மாற்றுவாள்."

"தினமும்" என்று நீ தமிழில் எனக்குச் சொன்னாய், நான் கேட்காதவன் போல. உன் முகத்தில் அத்தனை மரியாதை. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தாய். ஊரிலிருந்து கொண்டுவந்த ஙப்பி. கூனிறாலை உப்பில் புளிக்கவைத்து அரைத்தது, நம் ஊர் நாற்றம். அந்த அம்மாள் முகர்ந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு மேசைக்குப் போனார். ஆனால் அந்த அம்மாள் ஒரு உருளைக்கிழங்கில் தடவி முழுவதையும் தின்றார். "பயங்கரம்," என்றார். "இன்னும் கொஞ்சம் கொடு." நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரப் பெண் வந்து பார்த்தாள்.

கடைசியாக அந்த அம்மாள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். காலையிலேயே அடுப்பில் ஏற்றிவைத்திருந்தது ஆட்டுத்தலை. நம் வீடுகளிலும் தலைக்கறி உண்டுதான். ஆனால் அது துண்டு துண்டாக வெட்டுப்பட்டு மசாலாவுக்குள் மறைந்து வரும். இது தலையாகவே வந்தது. நெடுகப் பிளந்த பாதித் தலை, தோல் தீய்ந்த கறுப்போடு. பல் வரிசை, மடிந்த நாக்கு, கண். கண் என்னைப் பார்த்தது. முதலில் கண்ணையும் காதையும்தான் சாப்பிடவேண்டும், ஆறினால் கொழுப்பு இறுகிவிடும் என்றார். நீ கரண்டியால் கண்ணை நெம்பி எடுத்தாய். அது பிரிந்த சத்தம் கேட்டதும் நான் வெளியே ஓடி, மழையில், அவர் வீட்டு வேலியோரம் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "இதுக்கு நம்ம கப்பல் பன்னிக்கறியே தேவலாம்டா."

நீ சாப்பிடுவதை நிறுத்தினாய்.

"அப்பிடிச் சொல்லாத. நாத்தம் வேற, அழுகல் வேற. இதெல்லாம் நாத்தம். யாரோ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்திருக்காங்க. நம்ம கறி அழுகல்டா. பாக்க வேண்டியவன் பாக்கல."

சொல்லி முடித்தபிறகுதான் உனக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு, "உன்னச் சொல்லல" என்றாய். நீ என்னைச் சொல்லவில்லை என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு. அந்த அம்மாளுக்கு முன்னால், வாயில் வாந்திப் புளிப்போடு நின்ற என்னை, நீ குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய் என்று பட்டது. கப்பலுக்குத் திரும்பும் வழியெல்லாம் உன்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை நீ இறைச்சி அறையைக் காலி செய்தாய். கட்டி கட்டியாக, சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து, துறையிலிருந்த குப்பைப் பெட்டியில் கொட்டினாய். எட்டு நடையோ ஒன்பது நடையோ. குப்பை வண்டி வந்து எடுத்துப்போனது. கேப்டன் தடுக்க வந்தபோது, "இனிமே என் கையால இத ஆக்க மாட்டேன் சார்" என்றாய். அவர் திரும்பி உள்ளே போனார்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் வாசனைத் தைலம் நெடியாக அடித்தது. மேசையில் ஒரு தட்டச்சுத் தாள். அதில் எழுதியிருந்தது: இறைச்சி நல்ல நிலையில் இருந்தது, குளிரூட்டி பயணம் முழுக்கச் சரியாக ஓடியது, சமையல்காரன் கை சுத்தம் இல்லாதவன், அவன் அழுக்குக் கையால்தான் ஆட்களுக்கு நோய் வந்தது, அதை மறைக்கத்தான் இறைச்சியைக் கொட்டினான். முதல் அதிகாரியின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கேப்டன் என் குறிப்பேட்டைப் புரட்டி, நான் போகாமல் போட்ட குறிகளின்மேல் விரலை வைத்தார். "இது உண்மை என்றால் அந்தத் தாளும் உண்மை. அந்தத் தாள் பொய் என்றால் இதுவும் பொய். இரண்டில் ஒன்று சொல்" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் மிரட்டினார் என்று எழுதலாம். முழுக்க அது இல்லை. 'பாக்க வேண்டியவன் பாக்கல' என்ற உன் சொல் எனக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கப்பலிலேயே சுத்தமான கை உன்னுடையது. பூண்டு உரிப்பதற்குமுன் நகக்கண்ணுக்குப் பிரஷ் போடுகிறவன் நீ. எங்கள் எல்லாருடைய மலத்தையும் துடைத்த கை. அதை அழுக்கு என்று எழுதிய தாளில் என் பெயரை முழுதாக, எழுத்துப் பிழை இல்லாமல் போட்டேன். போட்டு முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நிம்மதிதான் இன்றுவரை எனக்குக் குமட்டுகிறது.

உன்னை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அந்தத் தாளில் யார் யார் கையெழுத்து என்று நீ பார்த்தாயா, எனக்குத் தெரியாது. ரங்கூனில் எந்த ஏஜென்டும் அதற்குப்பிறகு உன்னைக் கப்பலேற்றவில்லை. டாலா படகுத்துறைக்கு அருகில் நூடுல்ஸில் மீன்சாறு ஊற்றித் தரும் மோஹிங்காக் கடை போட்டாய். நான் ஒவ்வொரு பயணம் முடிந்து வந்தும் உன் கடைக்கு வந்தேன். நீ கிண்ணம் நிறைய ஊற்றி, வாழைத்தண்டை அதிகமாகப் போட்டுக் கொடுப்பாய். பெர்கனைப் பற்றிப் பேசினால் அந்த அம்மாளைப் பற்றி மட்டும் பேசுவாய். "அந்தக் கண்ணு இருக்கே, முட்டை மஞ்சக்கரு மாதிரிடா. நீ தின்னிருக்கணும்." நான் சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்பையும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சாய்ந்துவிட்டாய். பாடையின் முன்கம்பு என் தோளில் இருந்தது. எல்லாரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படகேறி டாலாவுக்குப் போனேன். சைக்கா ரிக்‌ஷாவில் உட்கார மனம் வராமல் நடந்தே உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி, "வாங்கண்ணே, மெலிஞ்சிட்டீங்களே" என்று சொல்லித் தட்டு வைத்தாள். சோறு, புளிச்சகீரைக் குழம்பு, வறுத்த மீன். இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாயைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். குறிப்பேட்டிலிருந்து தொடங்கிக் கடைசிவரை.

அவள் அழவில்லை. நான் முடித்த பிறகு, "அவரு கை அழுக்குன்னா எழுதியிருந்துச்சு?" என்றாள்.

"ஆமா தங்கச்சி."

"அந்தக் கை ஆக்குனதத்தான் இத்தன வருசமா வந்து வந்து தின்னீங்க."

என் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பின்வாசலில் நாய்க்குக் கொட்டும் சத்தம் கேட்டது. கையில் ஒட்டிய பருக்கைகளோடு நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் உன் மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுதிக் குடுங்க. தமிழ்ல வேணாம், புள்ளைக்குப் படிக்க வராது. பர்மா எழுத்துல எழுதுங்க. அப்பாவ ஏன் கப்பல்ல எடுக்கலன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்குச் சொல்லத் தெரியல."

கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினேன். பர்மிய எழுத்து எனக்கு வேகமாக வராது. இரண்டு பக்கம் எழுத மதியம் முழுக்க ஆனது. உன் மகள், இப்போது அவளும் வேலைக்குப் போகிற பெண், கதவோரம் நின்று வாங்கிப் படித்தாள். 'அழுக்குக் கை' என்று வரும் இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒருமுறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தெருவில் எதையோ மிதித்துவிட்டவர்கள் காலைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி. தாளை நாலாக மடித்து உன் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

என்னை யாராவது அப்படிப் பார்த்திருக்க வேண்டும், பல வருடங்களுக்கு முன்பே. பார்க்க உரிமையுள்ளவள் பார்த்துவிட்டாள். அந்தப் பார்வையைத்தான் இப்போது வைத்திருக்கிறேன். அது மங்கக்கூடாது என்று நினைக்கிறேன்.